சிப்பிக் காவடி

யான் என்ற ஊரின் கடற்கரைக்கு மணல் பார்க்க வருகிறவர்கள் ஏமாந்து திரும்புவார்கள். அங்கே இருப்பது சேறு. தண்ணீர் வற்றினால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை பழுப்புச் சேறும், அதில் சாய்ந்து கிடக்கும் படகுகளும்தான். இந்தப் பக்கம் நெல் வயல். வயலுக்குப் பின்னால் ஜெராய் மலை. இந்த மூன்றையும் ஒரே காவடியில் கொண்டுவரப் போவதாக ஒரு பெண் சொன்னபோது, நான் பீடோங்கில் அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்து என் மோட்டார் சைக்கிளின் பிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். குடிக்கத் தண்ணீர் கேட்கத்தான் உள்ளே போனேன். தைப்பூசம் முடியும் வரை வெளியே வரவில்லை.

நான் இடைநிலைப் பள்ளியை இரண்டாம் பாரத்தோடு, பதினாலு வயதில், விட்டவன். ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டினேன், செம்பனைக் குலை தூக்கினேன், கையுறைத் தொழிற்சாலையில் நின்றேன், லங்காவிப் படகுகளில் கயிறு பிடித்தேன், பினாங்கில் தட்டுக் கழுவினேன். வேலை இல்லாத மாதங்களில் பேருந்து நிலையத்தில் படுத்தேன். பசிக்கும். பிறகு பழகிவிடும். எந்த ஊரிலும் ஒரு வருடத்துக்கு மேல் என் கால் தரித்ததில்லை. ஆனால் அவள் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்த அன்று என் கால் தானாக நின்றுவிட்டது.

உள்ளே கூரையிலிருந்து காவடிகள் தலைகீழாகத் தொங்கின. எல்லாம் மயில். நீல மயில், தங்க மயில், மின்விளக்கு பதித்த மயில். அவள் கணவன் பகலில் சுங்கைப் பட்டாணித் தொழிற்சாலையில் வெல்டிங் வேலை செய்பவன்; மாலையில் வந்து அலுமினியத்தை வளைத்துச் சட்டம் ஒட்டுவான். மனைவி முன்பு எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் இருந்தவள். சூடேற்றிய கம்பியால் வெள்ளை நுரைப்பலகையைப் பூவாகவும் தோகையாகவும் அறுக்கும் வித்தையைக் கைப்பேசியில் பார்த்தே பிடித்துக்கொண்டாள். இருவருக்கும் என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது குறைவு. நான் அவளைத் தங்கச்சி என்றேன். இருவரும் என்னை அண்ணே என்றார்கள்.

"அண்ணே, மயிலு மயிலா அறுத்து என் கையிலயே தோகை முளைச்சிரும் போல," என்றாள். "நான் பொறந்து வளந்தது யான்ல. அங்க ஒரு மயிலைக்கூட நான் பாத்ததில்ல. சிப்பி பாத்திருக்கேன், நெல்லு பாத்திருக்கேன். அதை வச்சு ஒரு காவடி செய்யணும்."

கணவன் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான். "ஜனங்க கேக்கறது மயிலு. கடல் காவடி எவன் கேட்டான்?"

"எவனும் கேக்கல. பாத்தா கேப்பாங்க."

"முதல்ல தூக்கறதுக்கு ஒரு ஆளைக் கொண்டா லா. அப்புறம் பேசு."

அந்த வாரமே ஆளைக் கொண்டுவந்துவிட்டாள். யான் வயல்களிலிருந்து ஆலைக்கு நெல் ஏற்றும் லாரி டிரைவர். கதவில் பக்கவாட்டாகத் திரும்பி நுழைய வேண்டிய உடம்பு. மோட்டாரிலிருந்து விழுந்து படுத்த படுக்கையாகக் கிடந்த அவர் மனைவி மறுபடி எழுந்து நடந்திருந்தாள். அதற்காக வேண்டிக்கொண்ட காவடி. வாழ்க்கையில் முதல் தடவை எடுக்கிறார். மயில் வேண்டாமா என்று கணவன் கேட்டான்.

"எனக்கு மயிலை எங்க தெரியும், பாஸ்? தெனமும் நான் ஹாரன் அடிச்சு வெரட்டறது கொக்கை," என்றார். "கொக்கு வைங்க."

தங்கச்சி சிரித்த சிரிப்பில் கொட்டகையே அதிர்ந்தது. உடனே அளவு நாடாவை எடுத்து அவர் இடுப்பைச் சுற்றினாள். கணவன் மட்டும் சிரிக்கவில்லை. "ஒன்னு சொல்றேன். இது சன்னதி வரைக்கும் போய்ச் சேந்துச்சுன்னா, அடுத்த வருஷத்துலருந்து நீ சொல்ற காவடிதான் நம்ம கொட்டாயில. நடுவழியில எறக்க வேண்டி வந்துச்சுன்னா, ஒருத்தனும் நம்ம வாசல் மிதிக்க மாட்டான். அதோட கடலை விட்டுரு."

"சரி," என்றாள். அவ்வளவுதான். யோசிக்கக்கூட இல்லை.

மறுநாள் காலையிலேயே என்னைச் சிப்பிக்கு அனுப்பினாள். யானில் ஆற்று முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு மலாய் அம்மா, அத்தை என்ற அர்த்தத்தில் மக்சிக் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள், கெராங் சிப்பியை அவித்துச் சதையை எடுத்துப் பாசாருக்கு அனுப்புகிறவள். அவள் வீட்டுக் கொல்லையில் ஆள் உயரத்துக்கு வெற்றுச் சிப்பி குவிந்து கிடந்தது. நான் சாக்குப்பையை விரித்ததும், "நாக் புவாட் அப்பா?" என்று மலாயில் கேட்டாள். என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே பாதிதான் தெரியும். சாமிக்கு என்றேன். அவள் மண்வெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு, பெரிய சிப்பிகள் அடியில் இருக்கின்றன, மேலே உள்ளதை எடுக்காதே என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மூட்டையை மோட்டாரின் பின்னால் கட்டிக்கொண்டு பீடோங் வரை வந்தேன். வழி முழுக்க நாய்கள் துரத்தின. அந்த நாற்றம் அப்படி. சோடா போட்டு அவித்தோம், தேய்த்தோம், வெயிலில் காயவைத்தோம், மறுபடி அவித்தோம். பிறகு துளை போடும் வேலை என்னுடையது. மெல்லிய துரப்பண ஊசி, சிப்பிக்கு அடியில் ஈரத் துணி. அழுத்தினால் உடையும், அழுத்தாவிட்டால் வழுக்கும். முதல் நாள் உடைத்தவைதான் அதிகம். இரண்டாம் நாள் கை பிடித்துக்கொண்டது. அதற்கப்புறம் என்னால் நிறுத்த முடியவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால்கூட, இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று உட்கார்ந்திருந்தேன். என் வயதுக்கு எத்தனையோ வேலை பார்த்தாயிற்று. விடிந்ததும் இன்றைக்கு என்ன ஆகும் என்று ஓடிப்போய்ப் பார்க்க வைத்த வேலை இது ஒன்றுதான்.

அவள் ஒவ்வொரு நாளும் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தாள். கெராங் சிப்பியின் வெளிப்பக்கம் வரிவரியாகச் சாம்பல் நிறம், உட்பக்கம் வெள்ளை. வெள்ளையும் சாம்பலும் மாறி மாறி வரும்படி மீன்பிடி நைலான் நூலில் கோத்து, இடுப்பு வளையத்தைச் சுற்றிலும் இடைவெளியில்லாமல் தொங்கவிட்டால் அலை. அதற்கு மேல் மெருகெண்ணெய் பூசிக் காயவைத்த நெற்கதிர்கள். முதுகுப் பக்கம் நுரைப்பலகையில் அறுத்த ஜெராய், பச்சைக்கு மேல் கொஞ்சம் மேக நீலம். உச்சியில் மயில் நிற்கும் இடத்தில் கொக்குகள். வளையத்தில் மட்டும் பிடிவாதமாக இருந்தாள். வழக்கமான இடுப்பு வளையம் இரண்டு துண்டாக இருக்கும். போல்ட் போட்டு இறுக்குவார்கள். அந்த மூட்டு இருந்தால் அலை அங்கே அறுந்துபோகும் என்றாள். முழு வட்டமாக ஒட்டித் தரச் சொன்னாள். கணவன் ஒட்டித் தந்தான்.

தெருவில் பேச்சுக் கிளம்பிவிட்டது. இரண்டு வீடு தள்ளி இருக்கும் பெரியவர் ஒருவர், கோயில் வேலைகளில் எப்போதும் முன்னால் நிற்பவர், வந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தார்.

"செத்த பிராணியோட ஓடு. இதைக் கொண்டுபோயி முருகன் முன்னால நிறுத்தப் போறியா?"

"கோயில்ல ஊதற சங்கு மரத்துலயா காய்க்குது, மாமா?" என்றாள், கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சங்கு வேற லா."

"வேற இல்ல. இது சங்கோட சித்தப்பா பிள்ளை. ஏழைங்க, அதான் சேத்துல இருக்காங்க."

பெரியவர் என்னைப் பார்த்தார். நான் துரப்பணத்தைப் பார்த்தேன். பெரியவர் ஒரு சிப்பியை எடுத்து முகர்ந்துவிட்டு, "நல்லா மஞ்சத் தண்ணியில கழுவிருங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

கழுவினோம். காவடி முடிந்தது. இரும்பு முக்காலியில் ஏற்றி நிறுத்தி நான் மெதுவாகச் சுழற்றினேன். சிப்பிகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு வெளிப்பக்கமாக எழுந்தன. அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கணவன் டார்ச்சை அணைத்துவிட்டு வந்தான். "இன்னொரு தடவை சுத்துங்கண்ணே," என்றான். நான் சுற்றினேன். மறுபடியும் சுற்றச் சொன்னான்.

தைப்பூசத்துக்கு நாலைந்து நாள் இருந்தது. லாரி டிரைவர் அளவு பார்க்க வந்தார். அறுவடைக் காலம் என்பதால் அதுவரை அவர் எட்டிப் பார்க்கவே இல்லை. வாசலில் வந்து நின்றவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. மஞ்சள் வேட்டி, தாடி, கழுத்தில் மாலை. தை வெயிலில் லாரி ஓட்டிக்கொண்டே ஒரு மண்டலம் விரதம், ஒரே ஒரு வேளைச் சைவச் சோறு, தரையில் படுக்கை. கதவில் நேராகவே நுழைந்தார்.

நானும் கணவனும் காவடியைத் தூக்கி அவர் தோளில் இறக்கினோம். தோள் பட்டைகள் உட்கார்ந்தன. இடுப்பு வளையம் உட்காரவில்லை. வளையத்துக்கும் அவருக்கும் நடுவில் என் இரண்டு கையும் நுழையும் இடம்.

"சும்மா ஒரு சுத்து சுத்திப் பாருங்க," என்றான் கணவன்.

அவர் திரும்பினார். காவடி திரும்பவில்லை. அவர் நின்றார். அப்போதுதான் காவடி திரும்பத் தொடங்கியது. ஜெராய் மலை அவர் முகத்துக்கு முன்னால் வந்து நின்றது. எடை முன்னால் இழுக்க, அவர் தடுமாறி இரண்டு எட்டு வைத்தார். நாங்கள் ஓடிப்போய்ப் பிடித்தோம்.

பசி முதலில் எடுப்பது வயிற்றைத்தான், குண்டானவர்களிடம் இன்னும் வேகமாக எடுக்கும் என்பது எனக்கு உடம்பால் தெரிந்த விஷயம். அந்தக் கொட்டகையில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் இதுவரை வந்தவர்கள் எல்லாம் வருடா வருடம் காவடி எடுப்பவர்கள். தங்கள் பழைய வளையத்தைத் தாங்களே கொண்டுவருவார்கள். இவர்கள் மேலே அலங்காரம் மட்டும் மாற்றிக் கொடுப்பார்கள். புதிய ஆளுக்குப் புதிய வளையம் என்பது இதுதான் முதல் தடவை. விரதத்துக்கு முந்திய வயிற்றை அளந்து, முழு வட்டமாக ஒட்டி, அதில் கடலையே கட்டித் தொங்கவிட்டாயிற்று.

"சோறு போட்டுச் சரி பண்ணிரலாம்னா அதுவும் முடியாது," என்றார் லாரி டிரைவர். தன்னால்தான் இப்படி ஆகிவிட்டது என்பதைப் போல வயிற்றைத் தடவிக்கொண்டார்.

கணவன் வளையத்தைத் தட்டிப் பார்த்தான். அறுத்துச் சிறிதாக்கினால், அதிலிருந்து தோளுக்கு ஏறும் நாலு கம்பிகளும் உள்ளே சாயும். மேலே எல்லாம் பிரிக்க வேண்டும். அதற்கு நாள் இல்லை. அவன் கோபப்படவில்லை. நிமிர்ந்து கூரையைப் பார்த்தான். "தங்க மயில் சட்டம் சும்மாதான் தொங்குது. ரெண்டு துண்டு வளையம். நாலு போல்ட் முடுக்குனா நாளைக்கே ரெடி."

லாரி டிரைவர் அவளைப் பார்த்தார். "தங்கச்சி சொல்லட்டும்."

அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். "எனக்கு ஒரு நாள் குடுங்க," என்றாள்.

குளிக்கும் துண்டுகளை மடித்து வளையத்துக்கும் அவர் இடுப்புக்கும் நடுவில் செருகினோம். இரண்டு சுற்றில் நழுவிக் கீழே விழுந்தன. பஞ்சு மெத்தை அமுங்கிப் போயிற்று. மோட்டார் டியூபைச் சுற்றிப் பார்த்தோம். வியர்வை பட்டதும் தோலைச் சிராய்த்தது. எதை வைத்தாலும் அது இறுக்கமாகவும் இருக்க வேண்டும், அன்றன்றைக்கு அவர் இளைப்பதற்கேற்ப இறுக்கவும் முடிய வேண்டும். "கயிறுதான்ணே," என்றாள் கடைசியில். "படகுக் கயிறு. தடியா. தண்ணி பட்டாலும் வழுக்காதது."

நான் மோட்டாரை எடுத்துக்கொண்டு யானுக்குப் பறந்தேன். உண்மையாகவே பறந்தேன், வழியில் ஒரு பேருந்துக்காரன் திட்டியது பாதிதான் காதில் விழுந்தது. மக்சிக் கயிற்றை எடுத்துக்கொண்டே கதையைக் கேட்டாள். கேட்டுவிட்டு அவித்த சிப்பிக் கூடையைக் கீழே வைத்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நோன்பு மாதம் முடியும்போது தன் மகனுடைய சாரோங்கும் இப்படித்தான், தொழுகைக்கு எழுந்தால் ஒரு கையால் பிடித்துக்கொண்டே போவான் என்றாள். பிறகு, வெறும் கயிறு உடம்பை அறுத்துவிடும் என்று சொல்லி, வலையிலிருந்து கழற்றிப் போட்ட பழைய மிதவைகளை ஒரு சாக்கு நிறைய என் முன்னால் கொட்டினாள். முட்டை வடிவம், நடுவில் துளை, கெட்டியான ரப்பர் நுரை, கையில் எடுத்தால் எடையே இல்லை.

கயிற்றில் மிதவைகளைக் கோத்து வளையத்துக்குள் சுற்றினோம். லாரி டிரைவர் காவடியோடு ஒரு பக்கமாகத் திரும்பினார். மிதவைகள் உருண்டன. காவடி முன்னைவிட அழகாக வழுக்கிக்கொண்டு சுற்றியது. கணவன் மேலே தங்க மயிலைப் பார்த்தான். அவள் ஒரு மிதவையை உருவி, கத்தியால் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, தட்டைப் பக்கத்தைத் தன் இடுப்பில் வைத்து அழுத்திப் பார்த்தாள். என்னையும் அழுத்தச் சொன்னாள். நகரவில்லை.

அவள் பிளந்தாள், நான் துளையிட்டேன், கணவன் கோத்தான். மஞ்சள் துணி சுற்றித் தைத்து, கயிற்றின் இரண்டு முனையையும் முதுகுப் பக்கம் ஜெராய் மலைக்கு அடியில் கொண்டுவந்து முடிச்சுப் போட்டோம். இழுத்தால் இறுகும். லாரி டிரைவர் ஒரு சுற்றுச் சுற்றினார். காவடியும் கூடவே வந்தது. அவர் இன்னொரு சுற்றுச் சுற்றினார், அப்புறம் நிறுத்தவே இல்லை.

தைப்பூசத்தன்று ஆற்றங்கரையில் வெயில் ஏறுவதற்கு முன்பே கிளம்பினோம். எனக்குக் கொடுத்த வேலை முக்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பது. காவடி எடுப்பவர் களைத்தால் அதில் உட்காரலாம். காவடி மட்டும் தோளிலிருந்து இறங்கக் கூடாது. முன்னாலும் பின்னாலும் மயில்கள். நடுவில் எங்கள் சேறும் சிப்பியும். தெருவோரத்தில் நின்றவர்கள் முதலில் பார்த்தார்கள், பிறகு பக்கத்தில் இருந்தவரை இடித்துக் காட்டினார்கள், பிறகு கைப்பேசிகள் உயர்ந்தன. உறுமி வேகம் பிடித்ததும் லாரி டிரைவர் சுழன்றார். அலை இடுப்பிலிருந்து எழுந்து அகலமாக விரிந்து நின்றது. மேளக்காரர் ஒருவர் தன் கையைத் தாழ்த்திக்கொண்டு சிப்பிச் சத்தத்தைக் கேட்டார், அடுத்தவரும் தாழ்த்தினார். கொஞ்ச நேரம் வெறும் சிப்பிதான். தங்கச்சி என் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். தையல் பிரிந்துவிட்டது என்று அப்புறம்தான் பார்த்தேன்.

கோயில் கோபுரம் தெரிந்த இடத்தில் அது நடந்தது. லாரி டிரைவர் திரும்பினார், காவடி ஒரு நொடி தாமதித்துத் திரும்பியது. எங்கள் மூவருக்கும் தெரிந்துவிட்டது. வெயிலில் ஆள் இன்னும் வற்றியிருந்தார், கயிறும் வியர்வையில் தளர்ந்திருந்தது. நான் முக்காலியைப் போட்டேன். அவர் உட்கார்ந்தார். கண் பாதி மூடியிருந்தது. யாரோ அவர் காலில் தண்ணீர் ஊற்றினார்கள், ஒரு அம்மா விழுந்து கும்பிட்டாள்.

முடிச்சு ஊறிப்போயிருந்தது. நானும் கணவனும் இழுத்தோம், அசையவில்லை. படகில் என்றால் எதிலாவது காலை முட்டுக்கொடுத்து மல்லாந்து இழுப்பேன். இங்கே முட்டுக்கொடுக்க இருப்பது அவர் முதுகுதான். காவடி தோளில் இருக்கும் வரை அவர் எல்லோரும் விழுந்து கும்பிடுகிற சாமி. அவர் மேல் கால் வைக்க முடியுமா?

"எறக்கிரலாமா?" என்று கணவன் அவளிடம் மெதுவாகக் கேட்டான். மனசு வந்து கேட்கவில்லை, பயந்து கேட்டான். "அவருக்கு ஏதாவது ஆயிரப் போவுது."

"நீ திரும்பு," என்றாள்.

"என்ன?"

"அவரு முதுகும் உன் முதுகும் ஒட்டுற மாதிரி திரும்பு. கயித்தைத் தோள்ல போடு. நெல்லு மூட்டை தூக்கற மாதிரி முன்னால குனி."

அவன் திரும்பினான். முதுகோடு முதுகு சாய்ந்து, கயிற்றைத் தோள் மேல் போட்டு, முழு உடம்போடு குனிந்தான். இழுபட்ட கயிறு திரும்பி நழுவாமல் நான் பிடித்தேன். மிதவைகள் கிரீச்சிட்டு இறுகின. லாரி டிரைவர் கண்ணைத் திறந்து, "போதும் பாஸ், மூச்சு விட இடம் வேணும்," என்றார். அவள் முடிச்சைப் போட்டாள்.

அங்கிருந்து சன்னதி வரை அவர் நடக்கவில்லை. ஆடிக்கொண்டே போனார். நான் வெறும் முக்காலியைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். பால் அபிஷேகம் முடிந்து, மண்டபத்தில் நாலு பேராகக் காவடியை இறக்கியபோது சிப்பிகள் எல்லாம் ஒரே நேரத்தில் தரையைத் தொட்டன. நடக்க மாட்டாள் என்று சொல்லப்பட்ட அவர் மனைவி தானே நடந்து வந்து, அவர் இடுப்பில் பதிந்திருந்த மிதவைத் தடங்களுக்கு விபூதி பூசினாள். தங்கச்சியின் கணவன் சுவரில் சாய்ந்து தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தான். "அடுத்த வருஷத்துக்கு நெறைய சிப்பி வேணும்ணே," என்றான் என்னிடம், அவளுக்குக் கேட்கிற மாதிரி.

தெருவிலிருந்தே தொடர்ந்து வந்த ஒரு பையன், தொழிற்சாலைச் சட்டை போட்டவன், காவடியை நாலு பக்கமும் படம் பிடித்துவிட்டு அவளிடம் வந்தான். அவள் தரையில் மல்லாந்து படுத்து, வளையத்துக்கு அடியில் தலையை விட்டு, எந்த ஒட்டு விட்டிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அடுத்த பூசத்துக்கு எனக்கு இதே மாதிரி வேணும். இப்பவே அளவு எடுத்துக்கிறீங்களா?"

"இப்ப எடுக்க மாட்டேன்," என்றது காவடிக்கு அடியிலிருந்து குரல். "விரதம் பாதி ஆயி, வயிறு எறங்குனப்புறம் வா."

"அதுக்கு மேல எப்படிக்கா செஞ்சு முடிப்பீங்க?"

"செய்யறது நாங்க. பட்டினி கிடக்கறது நீ. உன் வேலையை நீ ஒழுங்காப் பாரு," என்றாள். பிறகு கையை மட்டும் வெளியே நீட்டி என்னிடம் குறடு கேட்டாள்.